வெங்கடம்மாவின் குடம்

கல்லாவி,
20-11-1956

நஞ்சம்மா அக்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் எல்லாம். உனக்கு எழுதவே கூடாது என்று வீம்பாக இருந்து பார்த்தேன், முடியவில்லை. நேராகவே கேட்கிறேன். நீ ஏன் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை?

நமக்குப் பயிற்சி தரும் சங்கத்தின் செயலாளர் கங்கப்பன் வந்து, "சரோஜம்மா கொஞ்ச நாள் ஊர்ல ஓய்வெடுக்கட்டும்" என்று என்னை மூட்டை கட்டச் சொன்னபோது நீ கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கிராம சேவகிப் பயிற்சிக்காக மேட்டுப்பள்ளிக்கு வர ராயக்கோட்டையில் நாம் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். அதற்கு முன் முகாமில் ஒரே பாயில் படுத்தவர்கள். அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

நான் என்ன தப்பு செய்துவிட்டேன்? சேரிப் பெண்கள் ஊர்க் கிணற்றுக்கு எட்ட நிற்க வேண்டும், ஊர்க்காரி யாராவது மனசு வைத்து இறைத்து உயரத்திலிருந்து ஊற்றினால்தான் அவர்களுக்குத் தண்ணீர். அன்றைக்கு ஊரே கல்யாணத்துக்குப் போய்விட்டது. வெயில் ஏறி, பெண்கள் வெறும் குடத்தோடு காய்ந்துகொண்டு நிற்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வெங்கடம்மாவின் பித்தளைக் குடத்தை வாங்கிக் கயிற்றில் கட்டி நானே கிணற்றுக்குள் விட்டு மொண்டேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள். பயப்படுகிறாள், பயம் தெளியட்டும் என்று மற்றவர்கள் குடங்களையும் பிடுங்காத குறையாக வாங்கி நிரப்பிக் கொடுத்தேன்.

தீண்டாமை குற்றம் என்று சட்டமே வந்தாகிவிட்டது. அந்த ஊரில் பெரிய கை என் தாய்மாமன் எல்லப்பன். அவரே கோபப்படவில்லை. சாப்பிடும்போது, "காலேஜுப் புள்ள, கை சும்மா இருக்குமா" என்று சிரித்து, எனக்கு இன்னொரு கரண்டி நெய் விட்டார். அவருக்கே இல்லாத கோபம் சங்கத்துக்கு எதற்கு?

என் கல்லூரித் தோழிக்கு எழுதினேன். எங்கள் காலேஜ் மலரில் இதைப் படத்தோடு போட வேண்டும் என்று துடிக்கிறாள். நீயாவது உண்மையை எழுது. இப்போது பெண்கள் தாங்களே இறைத்துக்கொள்கிறார்களா?

உன் மேல் கோபமாக இருக்கும்
சரோஜா


மேட்டுப்பள்ளி,
27-11-1956

சரோஜம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. உண்மையை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள், எழுதுகிறேன்.

பெண்கள் தாங்களே இறைக்கவில்லை. நீங்கள் ஊருக்கு வண்டி ஏறிய அன்றே கிணற்றை ஏற்றம் போட்டு வற்ற இறைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பூசை போட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் எங்களுக்கு ஊற்றுவதும் இல்லை. ஊற்றுகிறவர்களுக்கு ஊரில் நெருப்புக்கூடக் கொடுக்கக் கூடாது என்று உங்கள் மாமா சொல்லிவிட்டார். கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓடைக்குப் போய் மணலைத் தோண்டிக் கொண்டுவருகிறோம். போய்த் திரும்பினால் உச்சிப்பொழுது ஆகிவிடுகிறது. வெங்கடம்மாவின் மருமகள் நிறைமாதக்காரி, அவளும் போகிறாள்.

ராகி அறுப்பு நடக்கிறது. உங்கள் மாமா கொல்லையில் வருஷா வருஷம் அறுக்கிறது சேரிப் பெண்கள்தான் என்று உங்களுக்கும் தெரியும். களத்தில் அளக்கிற ராகிதான் இவர்களுக்கு வருஷத்துக்கும் களி. இந்த வருஷம் மைசூர்ப் பக்கமிருந்து ஆட்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் பெண்கள் வரப்பு ஓரம் நின்று பார்த்துவிட்டு வந்தார்கள்.

வெங்கடம்மாவின் குடத்தைக் கல்லில் வைத்து நசுக்கிவிட்டார்கள். கல்யாணத்துக்கு அவள் அப்பன் எங்கேயோ கேட்டு வாங்கிக் கொடுத்த குடம் அது. கிணற்றில் இறங்கியது அவள் குடம், அதனால் குடத்துக்குத் தண்டனை. கயிற்றைப் பிடித்த கைக்கு நெய்ச்சோறு.

சட்டம் வந்துவிட்டது என்கிறீர்கள். ராயக்கோட்டை பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்திருக்கும் போலிருக்கிறது. அங்கிருந்து இங்கே நடந்துதான் வர வேண்டும், நேரமாகும்.

நான் ஏன் பேசவில்லை என்று கேட்டீர்கள். உங்களை அனுப்பினால் நீங்கள் கல்லாவிக்குப் போவீர்கள். என்னை அனுப்பினால் நான் எங்கே போவேன்? தொரப்பள்ளிக்குப் பக்கத்தில் என் அப்பா ஆஞ்சப்பன் இன்னொருவர் கொல்லையில் பண்ணையாளாக இருக்கிறார். எட்டாவது வரைக்கும் படித்துவிட்டு நானும் அந்தக் கொல்லைக்கே போக வேண்டும். பயிற்சியில் இருப்பவர்கள் நிலையத்தில்தான் தங்க வேண்டும் என்பது சங்கத்து விதி. நீங்கள் மாமாவின் மெத்தை வீட்டு மாடியில் தங்கினீர்கள், யாரும் கேட்கவில்லை. நான் ஒரு நாள் தாமதமாக வந்ததற்குக் கங்கப்பன் காரணம் எழுதி வாங்கினார்.

இன்னொன்று. எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். முகாமில் என்னை அக்கா என்று கூப்பிட்டீர்கள். உங்கள் மாமா வீட்டு வாசலில் அவர் எதிரே "நஞ்சி" என்று கூப்பிட்டீர்கள். இந்தக் கடிதத்தில் மறுபடியும் அக்கா ஆகியிருக்கிறேன்.

காலேஜ் மலரில் போட வேண்டாம். படத்தில் வருவது நீங்கள். அதைப் பார்த்து யாருக்காவது கோபம் வந்தால் இங்கேதான் வரும்.

நஞ்சம்மா


கல்லாவி,
5-12-1956

அக்கா,

இந்த வார்த்தையை எழுதவே கை கூசுகிறது. இருந்தாலும் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

உன் கடிதத்தை வாசித்த நாளிலிருந்து நெய் விட்டால் சோறு இறங்கவில்லை. அம்மா எனக்குக் கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். என்னவென்று அவளிடம் சொல்வேன்? "நஞ்சி" என்று கூப்பிட்டது எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கேவலமாக இருக்கிறது. யோசித்துச் சொல்லியிருந்தால்கூட ஒரு காரணம் இருந்திருக்கும். மாமா எதிரே நாக்கு தானாகவே அப்படிப் புரண்டிருக்கிறது.

எனக்குத் துணிச்சல் ஜாஸ்தி என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அடி விழாது என்று தெரிந்தவளுக்கு என்ன துணிச்சல் வேண்டிக்கிடக்கிறது? மாமா சிரித்தார் என்று பெருமையாக எழுதினேனே, அந்தச் சிரிப்பு எனக்கு, கோபம் வெங்கடம்மாவுக்கு என்று பிரித்து வைத்திருந்தார். வேண்டாம் வேண்டாம் என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிட்டேன்.

மலரில் போட வேண்டாம் என்று தோழிக்கு எழுதிவிட்டேன். கோபித்துக்கொண்டாள், போகட்டும்.

அப்பாவிடம் அழுது, மாமாவுக்கு ஒரு கடிதம் எழுத வைத்திருக்கிறேன். பழையபடி தண்ணீர் ஊற்றச் சொல்லி. அது நடந்துவிடும், அப்பா சொன்னால் மாமா தட்டமாட்டார். ஆனால் அது போதாது. இதைக் கேள். எனக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை கிருஷ்ணகிரியில் பள்ளிக்கூட வாத்தியார். பார்க்கப் பரவாயில்லை, அதிகம் பேசமாட்டார், நான்தான் அதற்கும் சேர்த்துப் பேசுகிறேனே. முகூர்த்தத்துக்கு முன்னால் தாய்மாமன் கொண்டுவந்த புடவையை வாங்கிக் கட்டிக்கொண்டுதான் பெண் மணையில் உட்கார வேண்டும். அந்தப் புடவையை வாங்காமல் தாலி ஏறாது. நான் சபை நடுவே சொல்லப்போகிறேன்: "சேரிக்காரர்களுக்குக் கிணறு விடுங்கள், அப்போதுதான் புடவையைத் தொடுவேன்." ஜாதிசனம் அத்தனையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாமா என்ன செய்வார்?

நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது. உனக்கு?

சரோஜா


மேட்டுப்பள்ளி,
14-12-1956

சரோஜாவுக்கு,

முகாமில் பேசின மாதிரியே எழுதுகிறேன். திட்டப்போகிறேன், திட்டுவதற்கு நீங்கள் நாங்கள் சரிப்பட்டு வராது.

உனக்குப் புல்லரிக்கிறதா? திரும்பவும் அதே வேலையைத்தான் செய்யப் பார்க்கிறாய். நீ புடவையைத் தள்ளுவாய், சபை வாயைப் பிளக்கும், உன் மாமாவும் வேறு வழியில்லாமல் சரி என்பார். இல்லையென்று சொல்லவில்லை. அப்புறம் நீ கிருஷ்ணகிரிக்குக் குடித்தனம் போவாய். சபையில் தலைகுனிந்த மனுஷன் அந்தக் குனிந்த தலையோடு மேட்டுப்பள்ளிக்குத்தானே திரும்பி வருவார்? அவர் வருகிற வழியில் முதலில் இருப்பது சேரி.

உன் அப்பா கடிதம் வந்த மறுநாளே தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அறுப்புக்கு மட்டும் கடைசிவரை கூப்பிடவில்லை. நிலையத்துத் தறிக் கூடத்தில் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். வெங்கடம்மா முதலில் உன்னைத் தெலுங்கில் திட்டினாள், அதை எழுதமாட்டேன். திட்டி முடித்துவிட்டுத் தமிழில் சொன்னாள்: "ஒருத்தர் கோவிச்சா நிக்கிது, ஒருத்தர் கடுதாசி போட்டா வருது. இது நம்ம தண்ணி இல்ல. நமக்குன்னு ஒரு கெணறு வேணும்."

இதுதான் அவர்கள் முடிவு. நான் சொல்லிக்கொடுத்ததில்லை, நீயும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிளாக் ஆபீஸில் போய்க் கேட்டோம். வெட்டுக்கூலிக்கு உதவி உண்டு, ஆனால் நிலம் சேரிக்காரர்கள் பேரில் இருக்க வேண்டும் என்றார்கள். சேரிக்குக் கீழே புங்கமரத்துப் பள்ளம் இருக்கிறதே, கோடையிலும் அங்கே புல் காயாது. அது உன் மாமாவின் கரம்பு. ஒரு நாளும் அவர் அதில் ஏர் பூட்டியதில்லை.

கேட்கிற உரிமை உனக்கு இருக்கிறது, எங்களுக்கு இல்லை. அது நியாயமில்லை, ஆனால் இருக்கிறது. இருப்பதை ஒழுங்காகச் செலவு செய். புடவைச் சண்டை வேண்டாம். தனியாகக் கேள். எனக்கு வைக்கிற சீரில் அந்தப் பள்ளத்தைச் சேரிப் பெண்கள் பேருக்கு எழுதிக் கொடு என்று கேள். தேர்தல் வரப்போகிறது, உன் மாமாவுக்கு நாலு பேர் முன்னால் நல்ல பேர் வாங்க ஆசை உண்டு. கொடுத்தவர் அவராகவே இருக்கட்டும். பத்திரம் கல்யாணத்துக்கு முன்னாலேயே பதிவாக வேண்டும், வாய்ச்சொல்லெல்லாம் வேண்டாம். உன் பேர் எங்கேயும் வரக் கூடாது, நீ கேட்டுத்தான் அவர் கொடுத்தார் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. உன்னால் முடியுமா? உனக்கு இதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஒன்றை மறைக்க மனசு வரவில்லை. அன்றைக்கு நீ கயிற்றைப் பிடித்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. வெங்கடம்மாவின் குடம் அந்தக் கிணற்றுக்குள் போவதைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது.

நஞ்சம்மா

வெங்கடம்மாவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம்.


கல்லாவி,
21-1-1957

அக்கா,

பதிவாகிவிட்டது. உன் கையில் பத்திரம் வந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். வெங்கடம்மாவும் மற்றவர்களும் பெருவிரல் வைத்துவிட்டு வந்ததாக மாமாவின் கணக்குப்பிள்ளை சொன்னார்.

நடந்ததைச் சொல்கிறேன். பொங்கலுக்குச் சீர் விஷயம் பேச மாமா வந்தார். மாட்டுக்குக் கொம்பு சீவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். நீ சொன்னபடியே கேட்டேன். முதலில் விளையாட்டு என்று நினைத்தார். "வளையல் கேளு, ஒட்டியாணம் கேளு, பள்ளத்த வெச்சிக்கினு என்ன பண்ணுவ" என்றார். விளையாட்டில்லை என்றதும் முகம் கறுத்துவிட்டது. சங்கத்துக்காரர்கள் எனக்கு மருந்து வைத்துவிட்டார்கள் என்று கத்தினார். எனக்கும் பதிலுக்குக் கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் ஆயுசில் அவ்வளவு நேரம் வாய் மூடி நின்றதில்லை.

கடைசியில் ஒன்று சொன்னேன் அக்கா. "அவங்களுக்குன்னு ஒரு கெணறு இருந்துட்டா, நம்ம கெணத்துப் பக்கமே வரமாட்டாங்க மாமா." அதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. எதை எதிர்த்துக் கயிற்றைப் பிடித்தேனோ அதையே அவருக்கு ஊட்டிக் காரியத்தை முடித்தேன். இது தப்பா சரியா என்று எனக்குத் தெரியவில்லை. வெங்கடம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிடு. அவள் திட்டினால் இந்தத் தடவை மொழிபெயர்த்து எழுது, எனக்குத் தெரிய வேண்டும்.

தேர்தல் பேச்சை நான் எடுக்கவே இல்லை. வாசல் தாண்டும்போது அவராகவே, "நம்ம பேர்ல ஒரு கல்லு நடலாமில்ல?" என்று கேட்டார். நடலாம் மாமா என்றேன்.

அவர் புடவை அரக்கு நிறம், பச்சைக் கரை. கல்யாணத்தன்று கட்டிக்கொள்வேன். உன்னைக் கூப்பிட வேண்டும் என்று ஆசை. ஆனால் எந்தப் பந்தியில் உன்னை உட்கார வைப்பார்கள் என்று யோசித்தேன். யோசித்த பிறகு கூப்பிட வாய் வரவில்லை. முன்பு என்றால் யோசிக்காமல் கூப்பிட்டிருப்பேன், நீயும் வந்து அவமானப்பட்டிருப்பாய். எது மேல் என்று நீயே சொல்.

சரோஜா


மேட்டுப்பள்ளி,
6-5-1957

சரோஜா,

தண்ணீர் வந்துவிட்டது.

பாதியில் பாறை தட்டி எல்லோரும் சோர்ந்துவிட்டார்கள். வெடி வைத்து உடைத்து, பெண்கள் கூடையில் கல்லைச் சுமந்து கொட்டினோம். என் தோளைப் பார்த்தால் உனக்குத் தெரியும். போன வாரம் மத்தியானம் பாறை இடுக்கில் கசிய ஆரம்பித்தது. கலங்கல்தான், அதைக் கைநிறைய அள்ளி ஆளாளுக்கு முகத்தில் பூசிக்கொண்டார்கள். இப்போது தெளிந்துவிட்டது. கொஞ்சம் துவர்ப்பு. வெங்கடம்மா துவர்ப்பே இல்லை என்று சாதிக்கிறாள்.

உன் மாமா பேரில் கல் நட்டாயிற்று. மாலை போட்டோம், பேசினார், நல்ல பேச்சு. அவருக்கே தான் நல்லவர் என்று பாதி நம்பிக்கை வந்துவிட்டது, பாதகமில்லை. உன் பேரை யாரும் சொல்லவில்லை. காலேஜுப் பெண் என்ன ஆனாள் என்று ஒருத்தி கேட்டாள், கல்யாணமாகிப் போய்விட்டாள் என்றேன். அவ்வளவுதான்.

நீ மாமாவிடம் சொன்னதை வெங்கடம்மாவிடம் அப்போதே சொன்னேன். திட்டவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "இப்ப தண்ணி வேணும். அந்தக் கெணத்துல மொள்ளறத எம் பேத்தி பாத்துக்குவா" என்றாள். பேத்தி அப்போது அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

மைசூர் ஆட்கள் அறுப்புக்கு வந்ததோடு சரி, உழவுக்கும் களைக்கும் வரமாட்டார்களாம். உன் மாமா சேரிக்கு ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறார். போகலாமா, போனால் என்ன கேட்பது என்று பெண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதுவரைக்கும் அது பேசுகிற விஷயமாக இருந்ததே இல்லை.

கல்யாணத்துக்குக் கூப்பிடாததற்கு எனக்குக் கோபம் வந்தது. காரணத்தை எழுதியிருந்ததால் போய்விட்டது.

இப்போது என் சமாசாரம். பயிற்சி முடிந்து எனக்கு வேலை உறுதியாகிவிட்டது. ஊத்தங்கரைப் பக்கத்தில் சங்கம் புதிய நிலையம் திறக்கிறது. என்னை எங்கே போட்டிருக்கிறார்கள் தெரியுமா? கல்லாவியில். ஆனி மாதம் சேர வேண்டும்.

ஊரைக் கேட்டதும் உன் கடிதங்களை எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். மேட்டுப்பள்ளிக் கிணற்றைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறாய். உன் அப்பா கிணற்றில் யார் மொள்ளுகிறார்கள் என்று ஒரு கடிதத்திலும் இல்லை. குத்திக்காட்ட எழுதவில்லை. அங்கே வந்து வேலை செய்யப்போகிறவள் என்பதால் கேட்கிறேன்.

நஞ்சம்மா


கிருஷ்ணகிரி,
15-5-1957

அக்கா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு முதல் பக்கத்துக்குச் சந்தோஷப்பட்டு அழுதேன், கடைசிப் பக்கத்துக்குச் சும்மா அழுதேன். அவர் என்னவென்று கேட்டார். கடிதத்தை நீட்டினேன். வாசித்துவிட்டு, எங்கள் பள்ளிக்கூடத்துப் பானையிலும் யார் மொள்ளுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். எங்கள் கிணற்றில் சேரிக்காரர்கள் மொள்ளக் கூடாது. பின்பக்கத்து மதிலுக்கு வெளியே வந்து நிற்பார்கள், மதில் மேலிருந்து ஊற்றுவோம். அம்மா ஊற்றுவாள், சில நாள் என்னை அனுப்புவாள். நானும் ஊற்றியிருக்கிறேன். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஊற்றுகிறாள் என்று அம்மா மெச்சுவாள், எனக்குப் பெருமையாக இருக்கும். மேட்டுப்பள்ளியில் ஒரு நாள் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை என்று எழுதினேன். கல்லாவியில் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அது கண்ணில் பட்டதே இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களில் ஒருத்தர் பேர்கூட எனக்குத் தெரியாது.

உடனே அப்பாவுக்கு எழுத உட்கார்ந்தேன். மதிலை இடியுங்கள், கிணற்றைத் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் தீபாவளிக்கு வரமாட்டேன் என்று காகிதம் நிறைய எழுதினேன். எழுதி முடித்துவிட்டு, இதனால் நாளைக்கு அந்த மதிலுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று யோசித்தேன். தெரியவில்லை. தெரியாததால் தபாலில் போடவில்லை.

அப்புறம் உனக்கு, எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள், அப்பாவிடம் நான் சண்டை போட்டுச் சம்மதிக்க வைக்கிறேன் என்று ஆரம்பித்தேன். அதையும் அடித்துவிட்டேன். சும்மா இருப்பேன் என்று நினைக்காதே. அப்பாவிடம் பேசத்தான் போகிறேன். அவர் கத்துவார், மாமா மாதிரி லேசில் மசியமாட்டார். நான் தயார். ஆனால் எதைக் கேட்பது, எப்போது கேட்பது என்பது எனக்கு இன்னும் தெரியாது.

நீ எங்கே தங்க விரும்புகிறாய்? போய்ச் சேர்ந்ததும் அங்கே இருக்கிற பெண்களோடு பேசு. அவர்கள் பேர்களை எனக்கு எழுது. நான் வருவதா வேண்டாமா, வந்தால் யாரிடம் என்ன பேசுவது என்று அவர்களிடம் கேட்டுச் சொல். வா என்று ஒரு கார்டு போட்டால் போதும், அன்றைக்கே ஊத்தங்கரை பஸ் ஏறிவிடுவேன். அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன்.

உன் தங்கை,
சரோஜா